வீட்டை விட்டு வெளியேறும் கம்பிகள்

புது தில்லி: யமுனைக்குக் கிழக்கே லட்சுமி நகரிலும், தெற்கே முனிர்க்காவிலும் உள்ள சந்துகளில் அண்ணாந்து பார்ப்பவருக்கு வானம் கீற்றுக்கீற்றாகத்தான் தெரியும். மின்கம்பத்தில் தொடங்கி எதிர் வீட்டுக் கைப்பிடிச் சுவர் வரை கறுப்புக் கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. தடித்தவை கேபிள் டி.வி.க்கானவை. மெல்லியவை இணையத்துக்கான கண்ணாடி இழைகள். இடையே இற்றுப்போய்க் கிடப்பவை ஒரு காலத்தில் தொலைபேசிக்கென இழுக்கப்பட்ட செம்புக் கம்பிகள். இவற்றில் எதில் உயிர் இருக்கிறது, எது செத்துப்போனது என்பதை அந்தப் பகுதியில் இருபது ஆண்டுகளாகக் கம்பி இழுப்பவரால்கூட உடனே சொல்லிவிட முடியாது.

அந்தச் சந்துகளின் மொட்டை மாடிகளில் அண்மை ஆண்டுகளில் புதிதாக ஒரு பொருள் முளைத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு குட்டை இரும்புக் குழாயின் முனையில் பொருத்தப்பட்ட வெள்ளை நிறப் பெட்டி. அது அருகிலுள்ள செல்போன் கோபுரத்தைப் பார்த்தபடி நிற்கிறது. பெட்டியிலிருந்து ஒரே ஒரு கம்பி மட்டும் கீழிறங்கி வீட்டுக்குள் செல்கிறது. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி எதுவும் அதற்குத் தேவையில்லை. இணையம், தொலைக்காட்சி, வீட்டுத் தொலைபேசி மூன்றுமே அந்தப் பெட்டி வழியாக வந்துவிடுகின்றன.

ஏர்டெல் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தில்லியிலும் மும்பையிலும் இச்சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தியன்று ஜியோ நிறுவனம் சென்னை, தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் தன் சேவையை அறிமுகப்படுத்தியது. தொழில்நுட்பத் துறையினர் இதை "நிலையான கம்பியில்லா இணைப்பு" என்கிறார்கள். மக்கள் வாயில் "ஏர் பைபர்" என்ற பெயரே நிலைத்துவிட்டது. கண்ணாடி இழையே இல்லாத சேவைக்கு இழையின் பெயர் ஒட்டிக்கொண்டது ஒரு விநோதம்தான். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் இவ்வகை இணைப்புகள் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தன. உலகில் வேறெந்த நாட்டிலும் இரண்டே ஆண்டுகளுக்குள் இத்தனை வீடுகள் இந்த வழிக்கு வந்ததில்லை என்றே துறையினர் கூறுகின்றனர்.

ஹைதராபாதில் நடந்தது

கம்பிகளின் மீதான சலிப்பு வெறும் அழகுணர்ச்சி சார்ந்ததன்று. 2025 ஆகஸ்டில் ஹைதராபாதின் ராமந்தாபூர் பகுதியில் கிருஷ்ண ஜயந்தி ஊர்வலத்தின்போது தேர் மின்சாரத்தைத் தொட்டதில் ஐந்து பேர் உயிரிழந்தனர். மின்கம்பங்களில் வரைமுறையின்றித் தொங்கும் கேபிள்கள் மீது உடனடியாகப் பழி விழுந்தது. மின்வாரிய ஊழியர்கள் கத்தரிக்கோலுடன் இறங்கினர். எந்தக் கம்பி யாருடையது என்று பார்க்க அவகாசமில்லை. இணையக் கம்பிகளும் தொலைக்காட்சிக் கம்பிகளும் சேர்த்தே வெட்டப்பட்டன. வீட்டிலிருந்தபடி மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுவோர் நிறைந்த நகரம் அது. பல பகுதிகளில் இணையம் அறுந்து வேலை நின்றது. விவகாரம் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

மின்கம்பத்தில் கேபிள் கட்டுவதற்கு வாடகையும் அனுமதியும் உண்டு. ஆனால், அனுமதி பெற்ற கம்பி ஒன்றென்றால் அதன் நிழலில் கட்டப்பட்டவை பல. பெங்களூரிலும் மின்விநியோக நிறுவனம் இத்தகைய கம்பிகளை அவ்வப்போது அகற்றி வருகிறது. தொலைத்தொடர்புக் கட்டமைப்புகளுக்கு வழியுரிமை வழங்குவதற்கான புதிய விதிகளை மத்திய அரசு 2024-இல் வகுத்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. சாலையைத் தோண்டவும் கம்பம் நடவும் எவ்வாறு அனுமதி பெறுவது, எத்தனை நாள்களில் முடிவு தெரிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவ்விதிகள் கூறுகின்றன. எனினும், ஏற்கெனவே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் கம்பிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி சந்து மட்டத்தில் அப்படியே நிற்கிறது.

காற்றில் வந்தது, கம்பிக்குப் போனது

உண்மையில் இந்தியாவுக்குத் தொலைக்காட்சி காற்றில்தான் வந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியபோது பார்ப்பதற்குக் கூரை மேல் ஒரு ஆண்டெனா போதும். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. மின்சாரம் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் வலைக்கம்பியால் ஆன பெரிய கிண்ணம் போன்ற ஆண்டெனா நிறுத்தப்பட்டு, ஊர்ப் பொது இடத்தில் வேளாண்மையும் சுகாதாரமும் திரையில் பேசின. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுடன் வண்ணம் வந்தது. அந்தப் பத்தாண்டில் நகரத்துக் கூரைகள் எல்லாம் மீன் முள் போன்ற அலுமினிய ஆண்டெனாக்களால் நிறைந்தன. காக்கை உட்கார்ந்தால் படம் ஆடும். ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "இப்போது சரி" என்று குரல் கொடுப்பார்.

கம்பி வந்தது 1991-க்குப் பின்னர்தான். வளைகுடாப் போரை நேரலையில் காட்டிய அந்நிய அலைவரிசையைப் பார்க்கும் ஆவலில் தொடங்கி, அதே ஆண்டில் ஸ்டார் டி.வி.யின் வருகையுடன் அது ஒரு தொழிலாகவே மாறியது. தெருவுக்கு ஒரு இளைஞர் பெரிய டிஷ் ஒன்றை வாங்கி மாடியில் வைத்தார். அங்கிருந்து அண்டை வீடுகளுக்குக் கம்பி இழுத்தார். தில்லியில் அந்தக் காலத்துச் சரக்கெல்லாம் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் சந்தையிலிருந்தே வந்தது. சட்டம் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995-இல் நிறைவேற்றப்படுவதற்குள் கேபிள்காரர் என்பவர் பால்காரரைப் போலவும் பேப்பர்காரரைப் போலவும் வீட்டின் அன்றாட உறவாகிவிட்டார்.

தலைநகரில் குடியேறிய தமிழர்களுக்கு இந்தக் கம்பி வேறொரு பொருளும் தந்தது. கரோல் பாக், ராமகிருஷ்ணாபுரம், ஜனக்புரி, மயூர் விஹார் எனத் தமிழ்க் குடும்பங்கள் செறிந்த இடங்களில் "நம்ம சானல் வருமா?" என்பதுதான் கேபிள்காரரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. வராவிட்டால் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து சென்று பேசுவர். இந்தி சானல்களுக்கு நடுவே ஒரு தமிழ் சானலுக்கு இடம் ஒதுக்குவது கேபிள்காரரின் தயவைப் பொறுத்தது.

அந்தத் தயவைச் சட்டத்தால் மாற்றும் முயற்சியே "காஸ்" எனப்பட்ட நிபந்தனை அணுகல் முறை. சென்னையில் 2003 செப்டம்பரில் தொடங்கிய அது, தில்லி உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2006-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென் தில்லி உள்ளிட்ட பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. கட்டணமில்லாச் சானல்களின் தொகுப்புக்கு 77 ரூபாய். கட்டணச் சானல் ஒவ்வொன்றுக்கும் 5 ரூபாய் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விலை நிர்ணயித்தது. செட்-டாப் பெட்டி வாங்க மனமில்லாத பலர் அப்போதே கேபிளைத் துண்டித்துவிட்டு டிஷ்ஷுக்குத் தாவினர். 2003-இல் டிஷ் டி.வி., 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை, 2006-இல் டாடா ஸ்கை, அடுத்தடுத்து சன் டைரக்ட், ஏர்டெல் என்று நேரடி டி.டி.எச். சேவைகள் வரிசை கட்டின. தொலைக்காட்சி மறுபடியும் காற்றுக்குத் திரும்பியது அப்போதுதான். மழை பெய்தால் படம் உறைந்துபோகும் என்ற ஒரு குறை மட்டும் கூடவே வந்தது.

பின்னர் 2012 அக்டோபர் இறுதியில் தில்லி, மும்பை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கி நான்கு கட்டங்களாகக் கேபிள் முழுவதும் டிஜிட்டல் மயமானது. 2019 பிப்ரவரியில் சானலுக்குச் சானல் விலை என்னும் புதிய கட்டண முறை வந்தது. நூறு சானல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரி தனி, கட்டணச் சானல்களுக்கு மேலும் தனி என்ற கணக்கு வீட்டுக்காரர்களைத் திணறடித்தது. வேண்டியதற்கு மட்டும் பணம் என்ற நல்ல நோக்கத்தில் வந்த முறை, பல வீடுகளில் மாதக் கட்டணம் உயர்ந்ததில் முடிந்தது. தொலைக்காட்சியைக் கைவிட்டுச் செல்போனில் பார்க்கலாம் என்ற எண்ணம் வேர்விட்டதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

தொலைபேசிக் கம்பியின் கதை

இணையத்தின் பயணமும் ஏறத்தாழ இப்படித்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது தொலைபேசிக் கம்பியில் முனகிக்கொண்டே வந்தது. பேசினால் இணையம் இல்லை, இணையம் இருந்தால் பேச முடியாது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. தில்லியிலும் மும்பையிலும் எம்.டி.என்.எல். தொடங்கியது. விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அன்று அது பிராட்பேண்ட். அந்த வரையறை 2013-இல் 512 ஆகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. எம்.டி.என்.எல். 2006-இலேயே தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைக்காட்சியும் காட்டியது. ஆனால், மழைக்காலத்தில் தரைக்கடியில் நனைந்து, திருடர்கள் கையில் சிக்கி, சாலை தோண்டுவோரால் அறுபட்ட அந்தச் செம்புக்கு அவ்வளவு சுமையைத் தாங்கும் தெம்பு இல்லை. கடனில் மூழ்கிய எம்.டி.என்.எல்.-இன் சேவைகளை 2025 ஜனவரி முதல் பி.எஸ்.என்.எல். ஏற்று நடத்துகிறது.

கம்பியில்லாமல் வீட்டுக்கு இணையம் தரும் யோசனைக்கும் வயது குறைவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழுவினர் 1990-களில் உருவாக்கிய "கார்டெக்ட்" முறை இதற்கு நல்ல சான்று. ஊர் நடுவே ஒரு கோபுரம். வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டி. பேச்சும் இணையமும் ஒரே சமயத்தில். கம்பி இழுக்கும் செலவே தொலைபேசி இணைப்பின் விலையில் பெரும் பங்கு என்பதால், அதை நீக்கினால் கிராமத்துக்கும் கட்டுப்படியாகும் என்பது அவர்கள் வாதம். வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். நாடெங்கும் பல கிராமங்களுக்கு இணையத்தை முதன்முதலில் கொண்டு சென்றவற்றுள் அதுவும் ஒன்று.

தில்லிவாசிகளுக்கு எம்.டி.என்.எல்.-இன் "கருடா" நினைவிருக்கலாம். வீட்டுத் தொலைபேசியைக் கம்பியிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லப்பட்ட டபிள்யூ.எல்.எல். சேவை அது. 2001 ஜனவரியில் அரசு அத்தகைய சேவைகளில் ஓரளவு நகர்ந்து பேசவும் அனுமதி அளித்ததும் செல்போன் நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. 2003 இறுதியில் ஒருங்கிணைந்த உரிமம் வந்துதான் சண்டை ஓய்ந்தது. அதன்பின் 2010 ஜூனில் கம்பியில்லா பிராட்பேண்டுக்கென்றே தனி அலைக்கற்றை ஏலம் நடந்து அரசுக்கு 38,500 கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்தது. நாடு முழுமைக்கும் உரிமம் வென்ற சிறிய நிறுவனம் ஒன்றை முடிவு வெளியான அன்றே ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. அந்த அலைக்கற்றை ஆறு ஆண்டுகள் கழித்து 2016 செப்டம்பரில் ஜியோவாக வெளிவந்தபோது நாடே செல்போனில் இணையம் பார்க்கத் தொடங்கியது. வீட்டுக்குக் கம்பியில்லா இணையம் என்ற கனவு மட்டும் இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

2022 ஆகஸ்டில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்பனையாகி, அக்டோபர் 1 அன்று தில்லி பிரகதி மைதானத்தில் பிரதமர் 5ஜி சேவையைத் தொடங்கி வைத்தார். நிறுவனங்கள் கோபுரம் கோபுரமாகக் கருவிகளைப் பொருத்தின. ஆனால், கையிலிருக்கும் செல்போனுக்கு அத்தனை வேகம் எதற்கு? 4ஜியில் பார்த்த அதே காணொளியைத்தான் 5ஜியிலும் பார்த்தார்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கொட்டிய பணத்துக்கு வருவாய் தேடிய நிறுவனங்களின் கண்ணில் வீடு பட்டது. கம்பி இழுத்து, சாலை தோண்டி, சங்கத்திடமும் மாநகராட்சியிடமும் அனுமதி வாங்கி ஒரு தெருவை அடைவதற்குள் கோபுரத்திலிருந்து பத்துத் தெருக்களை அடைந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

மாடியிலுள்ள பெட்டி ஒரு பெரிய செல்போன் என்று கொண்டால் தவறில்லை. பெரும்பாலும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் அது கோபுரத்துடன் பேசுகிறது. செல்போன் சட்டைப் பைக்குள்ளும் சுவர்களுக்குள்ளும் அலைய, இது வெட்டவெளியில் கோபுரத்தைப் பார்த்து அசையாமல் நிற்பதால் அதே அலையில் கூடுதல் வேகம் பெறுகிறது. கீழே வீட்டுக்குள் ஒரு வை-ஃபை ரூட்டர். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு செட்-டாப் பெட்டி. கோபுரத்தின் 5ஜி கொள்ளளவைத் தொடாமல், 2018-இல் உரிமம் தேவையில்லை என்று விடுவிக்கப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கொண்டு இணைக்கும் முறையும் உண்டு. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஜியோவின் தொடக்கத் திட்டம் 30 மெகாபிட் வேகத்துக்கு மாதம் 599 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏழு நூறைத் தாண்டும். அதில் 550-க்கும் மேற்பட்ட தொலைக்காட்சிச் சானல்களும் சில திரைப்படச் செயலிகளும் அடக்கம். கேபிளுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் செலுத்திவந்த குடும்பத்துக்கு இது லாபம். கேபிள் மட்டுமே வைத்துக்கொண்டு செல்போன் இணையத்தில் காலம் தள்ளிய குடும்பத்துக்கு இது கூடுதல் செலவு. விளம்பரங்கள் முன்னவரிடம் மட்டுமே பேசுகின்றன.

மாடி யாருடையது?

கம்பியை விட்டால் அனுமதிக் கவலை தீர்ந்தது என்று எண்ணுவதற்கில்லை. தில்லியில் தளத்துக்கு ஒரு உரிமையாளர் என்ற முறையில் நான்கடுக்கு வீடுகள் விற்கப்படுகின்றன. மொட்டை மாடி உரிமை என்பது பத்திரத்தில் தனியாக எழுதப்படும் சொத்து. பெரும்பாலும் மேல்தளக்காரருக்கே அது சேரும். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் மாடியில் பெட்டி வைக்க வேண்டுமானால் வீட்டு உரிமையாளர், மேல்தளக்காரர் இருவருடைய சம்மதமும் வேண்டும். "தொட்டி ஒழுகும், சுவர் இடியும்" என்று ஆயிரம் காரணங்கள் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்க முகர்ஜி நகரிலும் பழைய ராஜேந்தர் நகரிலும் தங்கியிருக்கும் மாணவர்களுக்குப் பெட்டியைச் சன்னலில் கட்டிக்கொள்வதே வழி. சன்னல் கோபுரம் இருக்கும் திசையில் இருந்தால் அதிர்ஷ்டம்.

திசையும் நிரந்தரமன்று. இன்று கோபுரம் தெரிகிறது. அடுத்த ஆண்டு பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்புகிறது. வேகம் பாதியாகக் குறைவது வாடிக்கையாளருக்குத்தான் முதலில் தெரியும். மழையைப் பொறுத்தவரை டிஷ்ஷைவிட இது மேல். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை மழைக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. மாலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான் சோதனை. ஒரு கோபுரத்தின் அலையைத் தெருவில் நடந்து போகிறவரின் செல்போனும் அத்தனை வீட்டுத் தொலைக்காட்சிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கண்ணாடி இழையில் வீட்டுக்கு வீடு தனி வாய்க்கால் என்றால் இங்கே ஊருக்கே ஒரு குளம்.

இதனால்தான் கம்பிவழிச் சேவையில் மாதத்துக்கு 3.3 டெராபைட் வரை தாராளம் காட்டும் நிறுவனங்கள், கம்பியில்லா இணைப்பின் தொடக்கத் திட்டங்களில் 1 டெராபைட்டுடன் கதவைச் சாத்தின. ஒரு குடும்பத்துக்கு அது பொதுவாகப் போதும். ஆனால், நோக்கியா நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்த இணைப்பு வைத்திருக்கும் வீடு சராசரி செல்போன் வாடிக்கையாளரைப்போல் 12 மடங்கு தரவை இழுக்கிறது. கட்டணமோ அத்தனை மடங்கு இல்லை. இணைப்புகள் பெருகப் பெருக இக்கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை நிறுவனங்கள் வெளியே பேசுவதில்லை.

பழைய செம்புக் கம்பிக்கு ஒரு சிறப்பு இருந்தது. இன்று அதை நினைப்பவர் குறைவு. தொலைபேசி நிலையத்திலிருந்தே அதற்கு மின்சாரம் வந்தது. கோடையில் ஊரே இருளில் மூழ்கினாலும் மேசைத் தொலைபேசி ஒலிக்கும். தனியாக வசிக்கும் முதியவருக்கு அது மருத்துவரை அழைக்கும் கடைசி வழி. மாடிப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் வீட்டு மின்சாரம் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மின்தடை வந்தால் இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் ஒரே நொடியில் அணையும். கோபுரத்தில் மின்கலம் இருந்தும் பயனில்லை.

கிரிக்கெட் ரசிகர்கள் சொல்லும் குறை வேறு. இணையம் வழியாக வரும் நேரலை, கேபிளையும் டிஷ்ஷையும்விடப் பல நொடிகள் பிந்துகிறது. கடைசி ஓவரில் பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து ஆரவாரம் எழுந்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பந்தைப் பார்ப்பதில் என்ன சுவை?

வசூல் புத்தகம்

இந்த மாற்றத்தின் கடுமையான பக்கம் மாடியில் இல்லை, தெருவில் இருக்கிறது. கேபிள் விநியோக நிறுவனங்களின் கூட்டமைப்பும் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனமும் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கட்டணத் தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகள் 2018-இல் 15.1 கோடி, 2024-இல் 11.1 கோடி. இடைப்பட்ட காலத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்ததாக அவ்வறிக்கை மதிப்பிட்டது. டி.டி.எச். சேவையும் தப்பவில்லை. 2020-இல் ஏழு கோடி அளவில் இருந்த கட்டண டி.டி.எச். இணைப்புகள் 2025-இல் ஆறு கோடிக்குக் கீழே இறங்கிவிட்டன.

உள்ளூர் கேபிள்காரர் என்பவர் தனியொருவர் அல்லர். அவரிடம் கம்பி ஏறுபவர் இருவர், வசூலுக்கு ஒருவர், பழுது பார்க்க ஒருவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்கு அது முப்பதாண்டுக் காலம் சோறு போட்ட தொழில். மாதம் பிறந்தால் நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்றார்கள். யார் வீட்டில் சம்பளம் தாமதம், யார் வீட்டில் சாவு விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மாதம் கேட்காமல் போவார்கள். செயலி வழியே முன்பணம் செலுத்தும் முறையில் அத்தகைய தவணை கிடையாது. நாள் முடிந்தால் படம் நிற்கும்.

அவர்களிலும் சிலர் முன்பே காற்று வீசும் திசையை உணர்ந்து இணையச் சேவைக்கு மாறினர். தொலைக்காட்சிக்கு இழுத்த அதே வழியில் கண்ணாடி இழை இழுத்துப் பெரிய நிறுவனங்களின் முகவர்களாயினர். 2020-இல் கரோனா பொது முடக்கத்தின்போது வீட்டிலிருந்து வேலையும் பாடமும் நடந்தது பெரும்பாலும் அவர்கள் இழுத்த இழைகளில்தான். நாட்டில் இன்னும் ஏறத்தாழ நான்கரைக் கோடி கம்பிவழி இணைய இணைப்புகள் இருக்கின்றன. அந்த இழைகளையும் மாடிப் பெட்டி தள்ளிவிடுமா என்பதே இப்போது அவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. ஹைதராபாதில் வெட்டப்பட்டவற்றில் இத்தகையவர்களின் முதலீடும் இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல குடியிருப்புகளில் ஒரே ஒரு கேபிள்காரர், ஒரே ஒரு இணைய நிறுவனம் என்ற ஏகபோகம் நிலவியது. குடியிருப்போர் சங்கத்துடன் பேசிவைத்துக்கொண்டு மற்றவரை உள்ளே விடாத இடங்கள் உண்டு. கம்பி அறுந்தால் மூன்று நாள் கழித்து வருவார்கள். கேட்டால் "வேண்டுமென்றால் டிஷ் வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். காற்றில் வரும் சேவைக்கு வாயிற்காவலரின் அனுமதி தேவையில்லை. அந்த விடுதலைக்காகவே மாறியவர்கள் ஏராளம். ஆனால், தெருவுக்கு ஒருவராக இருந்த ஏகபோகம் நாட்டுக்கு இருவர் என்று சுருங்கியிருப்பதையும் கவனிக்க வேண்டும். 5ஜி வீட்டு இணைப்புச் சந்தை ஏறத்தாழ முழுவதும் இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

கம்பியில்லாததன் கம்பி

கம்பியில்லா இணைப்பு என்பது வீட்டு வாசலிலிருந்து கோபுரம் வரைதான். கோபுரத்திலிருந்து அப்பால் மறுபடியும் கம்பிதான் வேண்டும். கோபுரங்களில் கண்ணாடி இழையால் இணைக்கப்பட்டவை 30 விழுக்காடு என்ற நிலையிலிருந்து 70 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் இயக்கம் இலக்கு வைத்தது. இழை வராத கோபுரத்தில் எத்தனை 5ஜி கருவி பூட்டினாலும் குழாய் குறுகலாகத்தான் இருக்கும். தில்லியின் மையப் பகுதிக்கும் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் இடையே ஒரே பெட்டி வெவ்வேறு வேகம் காட்டுவதற்கு இதுவும் காரணம்.

2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின்கீழ் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் வரை இழை சென்றிருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டுதான் சிக்கல். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திட்டம் திருத்தி அமைக்கப்பட்டதும் அதற்காகவே. சிதறிக் கிடக்கும் பத்து வீடுகளுக்குக் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாத இடங்களில் பி.எஸ்.என்.எல்.-உம் உள்ளூர் கூட்டாளிகளுடன் கம்பியில்லா இணைப்பு அளித்து வருகிறது. லடாக், அருணாசலம் போன்ற மலைப் பகுதிகளுக்கு அதுவும் எட்டாது. செயற்கைக்கோள் வழி இணையத்துக்கான உரிமத்தை ஒன்வெப் 2021-இலும் ஜியோ 2022-இலும் ஸ்டார்லிங்க் 2025 ஜூனிலும் பெற்றன.

தொலைக்காட்சியில் மட்டும் ஏழைக்கான காற்றுவழி ஏற்கெனவே இருக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ், மாதக் கட்டணம் ஏதுமின்றி ஏறத்தாழ ஐந்து கோடி வீடுகளில் ஓடுகிறது. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும். கேபிளை விட்டவர்கள் அனைவரும் 5ஜிக்குப் போனதாக எண்ணிவிட வேண்டாம். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் பெரும்பகுதியினர் போன இடம் இதுதான். தமிழ் சானல்கள் அதில் குறைவு என்பதால் தெற்கில் அதன் பேச்சு அதிகம் இல்லை. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களை, எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் ஏறத்தாழ ஐம்பதைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக அறிவித்தது. கூரைமேல் நின்ற மீன் முள் ஆண்டெனாக்களின் கதை அத்துடன் முடிந்தது.

தில்லியின் பழைய வீடுகள் சிலவற்றில் அந்த ஆண்டெனாவைத் தாங்கிய இரும்புக் குழாய் மட்டும் துருப்பிடித்து மாடியில் நிற்கிறது. புதுப் பெட்டி பூட்ட வரும் ஊழியர் அதைத் தட்டிப் பார்த்து, உறுதியாக இருந்தால் தன் பெட்டியை அதிலேயே மாட்டிவிட்டுப் போகிறார். புதிய குழாய் நடும் வேலை மிச்சம். வீட்டுக்குள் வரும் பழைய கேபிளைச் சன்னலோரம் கத்தரித்துவிடுகிறார்கள். மின்கம்பம் வரையுள்ள மிச்சத்தை அவிழ்க்க யாரும் வருவதில்லை. அது அப்படியே சந்தின் குறுக்கே தொங்குகிறது.